கேள்வி கேட்காத பள்ளி

பாமன்கடைப் பக்கம் யாரிடமாவது கண்ணாடி வெட்ட எங்கே போகலாம் என்று கேட்டால் மஷூர் ஹாஜியாரின் கடையைத்தான் கைகாட்டுவார்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்ட மனிதர். பன்னிரண்டு வயதில் அடுத்தவன் கடையில் கண்ணாடித் தூள் கூட்டினார். முப்பதில் சொந்தக் கடை போட்டார். ஐம்பதில் ஹஜ்ஜுக்குப் போய் வந்தார். வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டி வரைக்கும், காலி நகருக்குப் போகும் காலி வீதியில் நடந்து போனால் அவர் கைபட்ட ஷோகேஸ்கள் நாற்பதுக்குக் குறையாது. படித்த இஞ்சினியர்மார் நாடா பிடித்து அளந்து சொல்வதை இவர் வாசலில் நின்றபடி கண்ணால் பார்த்துச் சொல்வார். அரை அங்குலம் பிசகாது. இது சும்மா கதை இல்லை, பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

"எனக்கு ஒருத்தரும் படிப்பிக்கல்ல. கையைக் கிழிச்சுக் கிழிச்சுக் கண்ணாடிதான் படிப்பிச்சது," என்று உள்ளங்கையை விரித்துக் காட்டுவார். அந்தக் கையில் ரேகையை விடத் தழும்புதான் அதிகம்.

அப்படிப்பட்டவருக்கு ஒரே மகள், ஜுமானா. இருபத்து மூன்று வயது. கொள்ளுப்பிட்டியில் ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் வேலை. அழகான பிள்ளை, அடக்கமான பிள்ளை என்று ஊரே சொல்லும். ஊருக்குத் தெரியாத ஒன்றும் இருந்தது.

ஜுமானாவுக்கு ஏழு வயதில், ஒரு பெருநாள் காலையில், புதுச் சட்டையோடு நின்றவள் பல்லைக் கடித்துக்கொண்டு விழுந்தாள். கை கால் இழுத்தது, வாயில் நுரை வந்தது. வலிப்பு என்றார் டொக்டர். தினமும் குளிசை போட்டால் அடக்கி வைக்கலாம், பயப்பட வேண்டாம் என்றும் சொன்னார்.

மஷூர் வலிப்புக்குப் பயப்படவில்லை, வாய்களுக்குத்தான் பயந்தார். பெண்பிள்ளைக்கு அந்த வலிப்பு வருத்தம் என்று ஒரு வீட்டில் தெரிந்தால் போதும். கல்யாணப் பேச்சு என்று வரும்போது மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் முதலில் விசாரிப்பது சீதனத்தை அல்ல, பரம்பரை வருத்தத்தைத்தான். ஆகவே அவர் ஓர் ஏற்பாடு செய்தார். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி டொக்டர்மார் பக்கமே போகவில்லை. தெரிந்த முகம் இல்லாத கொட்டாஞ்சேனையில் ஒரு டொக்டரைப் பிடித்தார். அங்கே கார்டு போட்டது மனைவி லுத்பியாவின் பெயரில். மாதம் ஒரு தடவை தானே போய் அங்கேயே ஒரு பார்மசியில் குளிசை வாங்குவார். வீட்டுக்கு வந்ததும் லேபலைத் தண்ணீரில் ஊற வைத்து உரித்துவிட்டு, எல்லாவற்றையும் ஒரு விட்டமின் போத்தலில் கொட்டி விடுவார். பதினாறு வருடம் அந்தப் போத்தல் சாப்பாட்டு மேசையிலேயே இருந்தது. வந்து போன விருந்தாளி ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. அதில் மஷூருக்குப் பெருமையும் உண்டு. பெரிய இடத்து ஆட்களுக்கே இப்படி ஒரு காரியத்தைக் கட்டிக் காக்கத் தெரியாது என்று லுத்பியாவிடம் சொல்லிக்கொள்வார்.

இந்த நேரத்தில்தான் பம்பலப்பிட்டி ஸீனத்தின் வீட்டிலிருந்து பேச்சு வந்தது. மகன் இப்திகார் டோஹாவில் வேலை, நல்ல குடும்பம். ஸீனத் இரண்டு தடவை வந்து பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

அந்த மாதத்திலேயே இன்னொன்றும் நடந்தது. வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது ஒருவன் ஜுமானாவை உரசிக்கொண்டு நிற்பது வழக்கமாகி இருந்தது. ஒரு நாள் பின்னேரம் வெள்ளவத்தையில் அவளோடு சேர்ந்து அவனும் இறங்கினான். ஒழுங்கை வரைக்கும் பின்னால் வந்தான். அவள் திரும்பி ஏசினாள். அவன் சிரித்துக்கொண்டே அவளுடைய ஸ்காபைப் பிடித்து இழுத்துவிட்டுப் போனான். பக்கத்து பஸ் ஹோல்டில் நின்ற பத்துப் பேரும் போனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

வீட்டுக்கு வந்தவள் அழவில்லை. "வாப்பா, எனக்கு அடிக்கப் பழகணும்," என்றாள்.

"நாளையிலேருந்து நான் கொண்டு போய் விட்டுக் கூட்டி வாறேன்."

"எத்தின நாளைக்கு? கல்யாணம் முடிச்சாலும் வருவீங்களா? மாப்பிள்ளைக்கும் எனக்கும் நடுவில வேன்ல இருப்பீங்களா?"

லுத்பியா வாயைப் பொத்திச் சிரித்தார். மஷூருக்கும் சிரிப்பு வந்தது. பிள்ளை தன்னைப் போல என்று உள்ளுக்குள் ஒரு பெருமிதம்.

"சரி. ஆனா இடத்த நான்தான் பாப்பேன்," என்றார்.

பார்த்தார். முதலில் கொள்ளுப்பிட்டியில் ஒரு தற்காப்புக் கலைப் பள்ளி. மாடியில், ஏசி போட்ட மண்டபம். மாஸ்டர் கறுப்பு பெல்ட்டைக் காட்டினார், சட்டகம் போட்ட சான்றிதழ்களைக் காட்டினார். மஷூர் சுவரில் இருந்த பெரிய கண்ணாடியைத்தான் பார்த்தார். கிட்டப் போய் விரல் முட்டியால் தட்டினார். விளிம்பைத் தடவினார்.

"இது எத்தின மில்லி தடிப்பு எண்டு செல்லித் தந்தாங்க?"

"ஆறு," என்றார் மாஸ்டர்.

"நாலு. விளிம்பும் தேய்க்கல்ல. புள்ளையள் ஓடி ஆடுற இடத்தில இதை மாட்டி வெச்சிரிக்கீங்க. உங்கள ஏமாத்தினவன் யாரெண்டே உங்களுக்குத் தெரியல்ல. நீங்க எங்கட புள்ளைக்கு எதிராளியப் பாக்கவா படிப்பிக்கப் போறீங்க?"

ஜுமானா வெட்கத்தில் படியிறங்கி ஓடியே விட்டாள். ஆனால் மஷூர் சொன்னது சரி. அந்தக் கண்ணாடி நாலு மில்லிதான்.

இரண்டாவது பம்பலப்பிட்டியில். நடத்துகிறவள் சாமினி, முப்பது வயதுத் தமிழ்ப் பெண், குள்ளமான உருவம். பெண்களுக்கென்று தனி வகுப்பு. தரை முழுக்கத் தடித்த மெத்தை. கண்ணாடி நல்ல ஆறு மில்லி, விளிம்பு தேய்த்தது. ஒரு சின்னப் பெண் தன்னை விட இரண்டு மடங்கு பருத்தவளைத் தூக்கி விழுத்துவதை மஷூர் கண்ணாலே கண்டார். அவருக்குப் பிடித்துப் போயிற்று. ஜுமானாவின் முகமும் மலர்ந்து போயிருந்தது.

அப்போதுதான் சாமினி ஒரு தாளை நீட்டினாள்.

"அங்கிள், இதை நிரப்பி, ஒரு டொக்டரிட்டக் கையெழுத்து வாங்கித் தாங்கோ."

"என்னத்துக்கு டொக்டர்? புள்ள நல்லாத்தானே இரிக்கா."

"எல்லாரிட்டயும் கேக்கிறதுதான். இருதய வருத்தம், தொய்வு, வலிப்பு, ஏதாவது இருக்கோ எண்டு. இருந்தாலும் நான் சேர்ப்பன் அங்கிள். எனக்குத் தெரிஞ்சாக் காணும். அதுக்கேத்த மாதிரிப் பழக்குவன், விழுந்தா என்ன செய்யிறதெண்டும் தெரியும்."

ஜுமானா தகப்பனைப் பார்த்தாள். மஷூர் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "கொண்டு வந்து தாறோம் மகள்," என்றார். வேனில் ஏறியதும் அதைக் கிழித்து வெளியே விட்டார்.

"வாப்பா, உண்மையச் செல்லுவோமே. அந்த மிஸ் சேர்க்கிறதெண்டுதானே சென்னா."

"செல்லலாம். ஸீனத்துட தங்கச்சி வீட்டுக்கு நாலாவது வீடு அந்த மிஸ்ஸுட வீடு. அவட தாளில எழுதினது அந்திக்குள்ள பம்பலப்பிட்டி முழுக்கத் தெரிய வரும். பொறகு நீ அடிக்கப் பழகி என்னத்துக்கு? வீட்டிலேயே இருந்து என்னோட சண்டை பிடிக்கவா?"



மூன்றாவது பள்ளி தானாகவே வந்து மாட்டியது. அடுத்த கிழமை குளிசை வாங்கக் கொட்டாஞ்சேனைக்குப் போனவர், பார்மசிக்குப் பின்னால் பழைய களஞ்சியம் ஒன்றில் ஆட்கள் உறுமும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். செபஸ்தியன் மாஸ்டரின் இடம். அறுபது வயது, காளை மாட்டுக் கழுத்து. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய ஆள். சுவரில் கண்ணாடியும் இல்லை, சான்றிதழும் இல்லை, திருக்குடும்பப் படம் ஒன்று மட்டும். தரை வெறும் சீமெந்து.

"பொம்பிளைப் புள்ளையள எடுப்பீங்களா மாஸ்டர்?"

"சனிக்கிழமை காலையில அவங்களுக்கு மட்டும் நாநா. பதினாலு பேர் வாறாங்க. எல்லாம் நல்ல அடி அடிப்பாங்க."

"கீழ மெத்த கித்த ஒண்டும் இல்லையா?"

"ஜம்பட்டா வீதியில விழுந்தா உங்களுக்கு ஆரு மெத்தை விரிக்கிறது?"

மஷூர் வாய்விட்டுச் சிரித்தார். "நிரப்புறதுக்குப் பேப்பர் ஒண்டும்?"

"என்ன பேப்பர்? பிள்ளை அடிக்க வருதா, சோதினை எழுத வருதா? பேர், வயசு, அவ்வளவுதான். எனக்கு எழுத்தும் அவ்வளவா வராது நாநா. ஹாபரில எனக்குக் கிளாஸ் எடுத்தது மூட்டை."

"எனக்குக் கண்ணாடி," என்று மஷூர் கையை விரித்துக் காட்டினார். செபஸ்தியன் அந்தக் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுத் தன் தோள் காய்ப்பைக் காட்டினார். இரண்டு பேரும் பிளேன்டீ குடித்தார்கள். படிப்பில்லாமல் ஆளாகிய இருவர் ஒருவரை ஒருவர் கண்டுகொண்டால் வேறு பேச்சு வேண்டியதில்லை. இதுதான் பள்ளி என்று மஷூர் அந்த இடத்திலேயே தீர்மானித்துவிட்டார்.

லுத்பியாவுக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. "சீமெந்துத் தரை எண்டு செல்றீங்க. வந்திட்டா?"

"மூணு வருசமா வரல்ல. குளிசை போட்டா வராது. நான் பாத்த இடம் பிழைச்சிருக்கா எப்பயாவது?"

பிழைத்ததில்லை. அதனால் லுத்பியாவும் சரி என்றார்.

ஐந்து மாதம் நல்லபடியாகத்தான் போயிற்று. ஜுமானாவின் நடை மாறியது. தோள் நிமிர்ந்தது. ஒரு நாள் பஸ்ஸில் அதே ஆள் பக்கத்தில் வந்து நின்றபோது அவள் அவனுடைய சுண்டு விரலைப் பிடித்துப் பின்னுக்கு மடித்தாளாம். அவன் கத்திய கத்தில் கொண்டக்டர் பஸ்ஸை நிறுத்திவிட்டானாம். இந்தக் கதையை மஷூர் கடைக்கு வந்த எல்லாருக்கும் சொன்னார். ஸீனத் வீட்டுப் பேச்சும் முற்றி, நாள் குறிக்கிற அளவுக்கு வந்தது.

அது ஒரு சனிக்கிழமை. ஸீனத் நாள் பார்க்க வீட்டுக்கு வந்து லுத்பியாவோடு கதைத்துக்கொண்டிருந்தார். மஷூர் கடையில் இருந்தார். பள்ளிவாசல் நிர்வாகத்து ஆட்கள் இரண்டு பேர் ஜன்னல் கண்ணாடிக்கு அளவு கொடுத்துக்கொண்டு நின்றார்கள். பதினொரு மணிக்குப் போன் அடித்தது. செபஸ்தியன்.

"நாநா, பிள்ளை விழுந்திட்டா. நிண்டபடியே மல்லாக்க விழுந்து பின்தலை அடிபட்டிட்டு. கை கால் இழுத்தது. சாவிக்கொத்தைக் கையில திணிச்சனான், இப்ப நிண்டிட்டு. முந்தி எப்பவாவது இப்பிடி வந்திருக்கா?"

மஷூர் நிமிர்ந்து பார்த்தார். பள்ளிவாசல் ஆட்கள் இருவரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சீச்சீ," என்றார் சத்தமாக. "அப்பிடி ஒரு வருத்தமும் எங்கட புள்ளைக்கு இல்ல. காலையில சாப்பிடாம வந்திரிப்பா. மயக்கம். சீனித் தண்ணி கரைச்சுக் குடுங்க."

"பெரியாஸ்பத்திரி இந்தா கிட்டத்தான் நாநா. கொண்டு போகவா?"

"வாணா, வாணா. நான் வாறேன்."

பாமன்கடையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குச் சனிக்கிழமை நெரிசலில் ஒரு மணித்தியாலம். அந்த ஒரு மணித்தியாலமும் செபஸ்தியன் ஒரு தகப்பனின் சொல்லுக்கு மரியாதை கொடுத்துக் காத்திருந்தார். மஷூர் உள்ளே போனபோது ஜுமானா மர வாங்கில் கிடந்தாள். முகத்திலும் மார்பிலும் சீனித் தண்ணீர் வழிந்து ஈ மொய்த்தது. இரண்டாவது தடவையும் இழுத்து ஓய்ந்திருந்தது. ஒரு கண்ணின் பாப்பா சிறியதாகவும் மற்றது பெரியதாகவும் இருந்தன. வாழ்நாள் முழுக்கக் கண்ணால் அளந்த மனிதர். அந்த அளவு பிழை என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவரும் செபஸ்தியனுமாகத் தூக்கி வேனில் போட்டார்கள்.

மஷூர் போனில் சொல்ல, லுத்பியாவும் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார். பக்கத்தில் ஸீனத். செய்தி வந்தபோது ஒரே வீட்டில் இருந்தவர், தன்னுடைய வாகனத்திலேயே லுத்பியாவைக் கொண்டு வந்திருந்தார். ஜுமானாவை அதற்குள் உள்ளே கொண்டு போயிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஓர் இளம் டொக்டர் வெளியே வந்து சிங்களத்தில் கேட்டார். பிள்ளைக்கு முன்பு வலிப்பு வந்திருக்கிறதா?

"நே, டொக்டர்," என்று மறுத்தார் மஷூர்.

ஏதாவது மருந்து எடுக்கிறாரா?

"நே. விட்டமின் மட்டும்."

லுத்பியா அவரைப் பார்த்தார். ஸீனத் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு நின்றார். டொக்டர் உள்ளே போய்விட்டார்.

இருபது நிமிடத்துக்குப் பிறகு திரும்பவும் வந்தார். இப்போது முகம் வேறு மாதிரி இருந்தது. மண்டைக்குள்ளே இரத்தம் கசிந்து தேங்கியிருக்கிறது, உடனே திறக்க வேண்டும் என்றார். "நீங்கள் விட்டமின் என்று சொன்னீர்கள். ஆனால் இந்த வலிப்பு விழுந்ததால் வந்தது மாதிரித் தெரியவில்லை. வலிப்புக் குளிசை சிலது இரத்தம் உறைவதையே குறைக்கும். அது தெரியாமல் நாங்கள் கத்தி வைத்தால் மேசையிலேயே போய்விடுவார். கடைசியாகக் கேட்கிறேன்."

லுத்பியா கணவரின் சட்டைக் கையைப் பிடித்தார். "நான் செல்லவா, நீங்க செல்றீங்களா?"

மஷூர் சொன்னார். ஸீனத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்று, ஸீனத்துக்கும் நன்றாக விளங்குகிற சிங்களத்தில், பதினாறு வருடத்தையும் சொன்னார்.

"மருந்தின் பெயர்?"

அது அவருக்குத் தெரியாது. லேபலை உரித்த கைக்கு இங்கிலீஷ் எழுத்துத் தெரியாது. வெள்ளை நிறம், நீளக் குளிசை, அவ்வளவுதான். கொட்டாஞ்சேனைப் பார்மசிக்குப் போன் எடுத்தார். "லுத்பியா எண்ட பேரில மாசா மாசம் எடுக்கிறது நான்தான். அது என்ன மருந்தெண்டு இவருக்குச் செல்லுங்க," என்று போனை டொக்டரிடம் கொடுத்தார். டொக்டர் கேட்டு, உள்ளங்கையில் எழுதிக்கொண்டு ஓடினார்.

சுவரோரமாக நின்ற செபஸ்தியன் மெல்லக் கிட்ட வந்தார். அடிக்கப் போகிறார் என்றுதான் மஷூர் நினைத்தார். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நாநா, நான் போனில என்ன கேட்டனான்?"

மஷூர் தலையைக் குனிந்தார்.

"பத்து நிமிசம் நாநா. எங்கட ஹோலில இருந்து இங்க பத்து நிமிசம்." அவ்வளவுதான் சொன்னார். வாசல்படியில் போய் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

சத்திர சிகிச்சை நாலு மணித்தியாலம் நடந்தது. ஸீனத் முடியும் வரைக்கும் லுத்பியாவின் பக்கத்திலேயே இருந்து ஓதினார். உயிர் இருக்கிறது என்று டொக்டர் சொன்ன பிறகுதான் எழும்பினார். லுத்பியாவின் தலையைத் தடவிவிட்டு, மஷூரின் பக்கம் பார்க்காமலே போனார். இரண்டு கிழமை கழித்துத் தரகர் போன் எடுத்து, இப்திகாருக்கு இப்போதைக்கு லீவு கிடைக்காதாம் என்றார். மஷூர் சரி என்றார்.

ஜுமானா பதினாறு நாள் கண் திறக்கவில்லை. திறந்தபோது வலது கை வரவில்லை, பேச்சும் முழுதாக வரவில்லை. ஒவ்வொரு சொல்லையும் தேடி எடுத்துத்தான் பேசினாள். பல் வைத்தியரின் கிளினிக்கில் வேறு பிள்ளையைப் போட்டுவிட்டார்கள். செபஸ்தியன் ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து வந்து வார்டுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போவார். மஷூரோடு கதைப்பதில்லை.

மூன்று மாதத்துக்குப் பிறகு, அவளுடைய சொந்தப் பெயரில் முதல் தடவையாக ஒரு கார்டு போட்டார்கள். அரசாங்க ஆஸ்பத்திரி, வலிப்பு கிளினிக், ஜனம் நிறைந்த நீளமான வராந்தா. தாதி பெயரையும் வருத்தத்தையும் சேர்த்துக் கூப்பிட்டாள். வாங்கில் இருந்த வெள்ளவத்தை முகங்கள் சில திரும்பிப் பார்த்தன. மஷூர் எழுந்து மகளின் இடது கையைப் பிடித்து உள்ளே நடத்திப் போனார். தலை குனியவில்லை. மறைக்க இனி ஒன்றும் இல்லை என்று நினைத்தார்.

டொக்டர் வயதான தமிழ்ப் பெண். "முதன்முதலா எப்ப வந்தது?" என்று கேட்டார்.

"ஏழு வயசில. ஹஜ்ஜுப் பெருநாள், காலை எட்டு மணி இரிக்கும்."

"இந்த விழுகைக்கு முந்தி எல்லாமா எத்தினை தரம்?"

"ஆறு," என்றார் மஷூர், யோசிக்காமலே. ஒவ்வொன்றும் எங்கே, எப்போது என்று அவருக்கு மனப்பாடம். "கடைசியா வந்தது மூணு வருசத்துக்கு முந்தி. அதுக்குப் பொறகு ஒண்டும் இல்ல. அதில பிசகில்ல டொக்டர்."

டொக்டர் ஆறு என்று எழுதினார்.

ஜுமானா இடது கையை மேசையில் வைத்தாள். வாய் கோணிக்கொண்டு அசைந்தது.

"ப... பதினொண்டு."

மஷூர் திரும்பினார். "என்ன மகள்?"

அவள் அவரைப் பார்க்கவில்லை, டொக்டரைப் பார்த்துத்தான் சொன்னாள். சொல்லச் சொல்ல விரல்களை ஒவ்வொன்றாக மடித்தாள். "வேலையில... மூணு. வீட்டு பாத்ரூமில... ஒண்டு. மாஸ்டர்ட ஹோலில... ஒண்டு. முதல் மாசம். பின்னுக்கு, தனிய... இரிக்கக்குள்ள."

"ஏன் புள்ள எனக்குச் செல்லல்ல?" என்று கேட்டார் மஷூர்.

"ஒருத்தருக்கும் செல்லக் கூடாதெண்டு... வாப்பாதான் சென்ன."

"வாப்பாவுக்குமா?" என்று கேட்டார் டொக்டர்.

"ஒருத்தருக்கும்," என்றாள் ஜுமானா.

டொக்டர் ஆறை வெட்டிவிட்டுப் பதினொன்று என்று எழுதினார். அதற்குப் பிறகு கேட்க வேண்டிய கேள்விகள் இன்னும் நிறைய இருந்தன. ஒவ்வொன்றையும் அவர் மகளிடம்தான் கேட்டார். அவள் சொல்லைத் தேடி எடுக்கும் வரைக்கும் காத்திருந்தார். ஒரு தடவை கூட மஷூரின் பக்கம் திரும்பவில்லை.